வெள்ளோட்டம்

2017ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் நாம் சென்னையில், கீழ்ப்பாக்கத்தை அடுத்த ஒரு சிறு பங்கில் பணியாற்றிக்கொண்டிருந்தோம். பங்கு இல்லத்தில் நமது அறை தரைத்தளத்தில் இருந்தது. ஓரிரவு மணி இரண்டைத் தாண்டியிருக்கும், உறக்கம் கலைந்தது. ஓசை கேட்டது என்று சொல்வதற்கில்லை. தரைக்கு அடியிலிருந்து ஒரு முனகல் எழுந்து, கட்டிலின் கால்கள் வழியே ஏறி, மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளையின் மூடியை மெல்ல நடுங்க வைத்துவிட்டு அடங்கிப்போயிற்று. எழுந்து அமர்ந்தோம். கால் மணி நேரம் கழித்து எதிர்த்திசையிலிருந்து அதே முனகல் மீண்டும் வந்தது.

காலைத் திருப்பலிக்கு வந்த உபதேசியாரிடம் இதைச் சொன்னோம். அவர் சிரித்தார். "கீழே ரயில் விட்டுப் பாக்குறாங்க, ஃபாதர். ஆள் ஏத்தாம வெறும் வண்டி. வெள்ளோட்டம்" என்றார்.

வெள்ளோட்டம் என்னும் சொல் நம்மைச் சற்றே தலைகுனிய வைக்கும் சொல். காரணத்தைப் பின்னர்ச் சொல்வோம்.

திருமங்கலத்திலிருந்து நேரு பூங்கா வரை, ஏழு நிலையங்கள் கொண்ட அந்தத் தடமே சென்னை மக்களுக்குத் திறந்துவிடப்பட்ட முதல் சுரங்க மெட்ரோ. அதற்கு முன் 2015 ஜூன் 29 அன்று கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கியிருந்தது. ஆனால் அது தூண்களின் மேல், வெட்டவெளியில், எல்லாரும் அண்ணாந்து பார்க்க ஓடியது. நமக்குக் கீழே ஓடியதையோ யாரும் பார்க்கவில்லை. மண்ணின் அடியில், நள்ளிரவில், பயணி ஒருவரும் இல்லாமல் விளக்கெரிய ஒரு வண்டி போய்வந்துகொண்டிருந்தது. மேலே மாநகரம் உறங்கிக்கொண்டிருந்தது.

நமது பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அச்சோதனைப் பணியில் இருந்தார். ஞாயிறு திருப்பலிக்குப் பெரும்பாலும் தூக்கம் நிறைந்த கண்களோடு வந்து கடைசி வரிசையில் அமர்வார். மறையுரையின்போது அவர் கண்ணயர்ந்ததைக் கண்டு ஒருமுறை நாம் மனத்திற்குள் கோபித்துக்கொண்டதும் உண்டு. பின்னர் ஒரு மாலை அவர் பங்கு இல்லத்துக்கு வந்தபோது, அந்தச் சுரங்கத்திற்குள் என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டோம். அன்று அவர் விவரித்தவை இன்றும் நமது நினைவில் நிற்கின்றன.

புதிய சுரங்கத்துக்குள் எடுத்த எடுப்பில் ரயிலை விட்டுவிட மாட்டார்களாம். முதலில் செல்வது வெறும் சட்டம். ரயில் பெட்டியின் அகல உயரத்திற்கு ஒரு சட்டம் செய்து, அதை ஒரு சிறு வண்டியில் பொருத்தி, தண்டவாளத்தின்மேல் ஆள் நடக்கும் வேகத்தில் கொண்டுசெல்வார்கள். சுரங்கத்தின் உள்விட்டம் ஆறு மீட்டருக்கும் சற்றுக் குறைவு. அதற்குள் ரயிலும், மின்தண்டும், நடைபாதையும், கேபிள்களும், குழாய்களும் இடம் பெறவேண்டும். எங்கோ ஓரிடத்தில் ஒரு தாங்கி விரற்கடை அளவு நீட்டிக்கொண்டிருந்தால் போதும், சட்டம் அதில் இடிக்கும். அதைக் குறித்துக்கொண்டு சரிசெய்த பின்னரே அடுத்த அடி.

அதன்பின் மின்சாரம். தூண்களின் மேல் ஓடும் தடத்தில் கம்பி தொங்கும். சுரங்கத்தில் கூரையை ஒட்டிக் கெட்டியான ஒரு தண்டு செல்லும். அதில் 25,000 வோல்ட். அதைப் பாய்ச்சுமுன், இன்ன நாள் முதல் யாரும் நெருங்கவேண்டாம் என்று அறிவிப்புக் கொடுக்கவேண்டும். பிறகுதான் ரயில். முதல் ஓட்டத்தில் அதன் வேகம் நமது மிதிவண்டியின் வேகத்தையும் எட்டாது. அடுத்தடுத்த ஓட்டங்களில் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு வேகத்திலும் பிரேக் போட்டு, எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று அளப்பார்கள்.

"ஆளே இல்லாத வண்டி நிக்கிறதும், ஆள் நெறஞ்ச வண்டி நிக்கிறதும் ஒண்ணா?" என்று கேட்டோம்.

"அதுக்குத்தான் ஃபாதர், மணல் மூட்டை. ஓர் ஆளுக்கு 65 கிலோன்னு கணக்கு" என்றார்.

நான்கு பெட்டிகளில் 1,200 பேருக்கு மேல் ஏறலாம். அவ்வளவு பேரின் எடைக்கு ஈடாக மணல் மூட்டைகளை இருக்கைகளின் மேலும் தரையிலும் அடுக்கி, வண்டியை முழு வேகத்தில் ஓட்டி, அது எவ்வளவு குலுங்குகிறது, எவ்வளவு சாய்கிறது, எங்கே நிற்கிறது என்று கருவிகளால் அளப்பார்கள். இப்படிப்பட்ட சோதனைக்கென்றே லக்னோவில் ரயில்வேயின் ஆய்வு நிறுவனம் ஒன்று இருக்கிறது. முனகல் நம்மை எழுப்பிய இரவுகளில் கீழே போன வண்டியில் மணல் மூட்டைகளும் இருந்திருக்கலாம் என்று எண்ணிக்கொண்டோம். மனிதருக்காக மணல் பயணம் செய்வது நமக்கு ஏனோ வேடிக்கையாகத் தோன்றவில்லை.

இன்னும் பல சொன்னார். சுரங்கத்தில் செயற்கைப் புகையை எழுப்பி, ராட்சத விசிறிகளைச் சுழலவிட்டு, புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார்களாம். பயணிகள் தப்பி நடக்கும் திசைக்கு எதிர்த்திசையில் அது போயாகவேண்டும். ஒரு வண்டி நடுவழியில் செத்துப்போனதாக வைத்துக்கொண்டு, பின்னால் இன்னொரு வண்டியைக் கொண்டுவந்து தள்ளிப் பார்ப்பார்களாம். எல்லாவற்றிலும் அவரை அதிகம் வாட்டியது கதவு. சுரங்க நிலையங்களில் நடைமேடையின் ஓரமெங்கும் கண்ணாடிக் கதவுகள் உள்ளன. ரயிலின் கதவும் நடைமேடைக் கதவும் நேருக்கு நேர் வந்து நின்று, இரண்டும் சேர்ந்து திறக்கவேண்டும். வண்டி கொஞ்சம் தள்ளி நின்றாலும் கதவு திறக்காது.

"பத்துத் தடவை சரியா நின்னுது, ஃபாதர். பதினோராவது தடவை ஓர் அடி தள்ளி நின்னுது. நான் அதை எழுதிட்டேன். கூட இருந்தவங்களுக்கு வருத்தம்தான், அன்னைக்கு ராத்திரி வேலை முழுக்க மறுபடி செய்யணும். ஆனா பத்துத் தடவை சரியா நின்னதை யாரும் கேக்க மாட்டாங்க."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை எதுவும் இல்லை. களைப்புதான் இருந்தது. அவர் போன பின்பு, மறையுரையில் கண்ணயர்ந்தவரைக் கோபித்ததற்காக நம்மையே நொந்துகொண்டோம்.

அந்த ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் குருத்து ஞாயிறு. குருத்தோலைப் பவனி முடிந்து, மக்கள் ஓலைச் சிலுவைகளுடன் வீடு திரும்பியிருந்தனர். பிற்பகலில் செய்தி வந்தது: அண்ணா சாலையில் சர்ச் பார்க் பள்ளிக்கு அருகே சாலை உள்வாங்கி, மாநகரப் பேருந்து ஒன்றும் கார் ஒன்றும் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டன. அங்கே கீழே மெட்ரோவுக்கான சுரங்கம் தோண்டப்பட்டுவந்தது. இறையருளால் உயிரிழப்பு ஏதுமில்லை. ஆயினும், குழிக்குள் சாய்ந்து நின்ற பேருந்தின் படத்தை மறுநாள் செய்தித்தாளில் பார்க்காதவர் சென்னையில் இருந்திருக்க மாட்டார்.

அது வேறு தடம், அங்கே நடந்தது தோண்டும் வேலை. நமது பகுதியில் தோண்டி முடித்துச் சோதனை நடந்துகொண்டிருந்தது. அந்த வேறுபாட்டை அச்சம் எண்ணிப் பார்ப்பதில்லை. புனித வாரத்தின் திங்கட்கிழமையே பங்கு மக்கள் சிலர் ஒரு மனுவுடன் வந்துவிட்டனர். ஒரு தாய் தம் வீட்டுச் சுவரின் விரிசலைப் பற்றிச் சொன்னார். ஒரு பெரியவர், மணிக்கூண்டே ஆடுகிறது என்றார். நம் வீடுகளுக்கு அடியில் சோதனை ஓட்டத்தை உடனே நிறுத்தவேண்டும், பங்குத்தந்தை முதல் கையொப்பம் இடவேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை.

நாம் கையொப்பமிடவில்லை. அவர்களிடம் ஒன்றைமட்டும் கேட்டோம்: சோதனையை நிறுத்தினால் ரயில் நின்றுவிடுமா, அல்லது சோதிக்கப்படாத ரயில் ஓடுமா? மனுவின் வாசகத்தை மாற்றி, சுவர்களின் விரிசல்களை அளந்து பதிவு செய்யவேண்டும், சோதனை எத்தனை நாள் ஆனாலும் முழுமையாக முடிந்த பின்னரே திறக்கவேண்டும் என்று எழுதினால் கையொப்பமிடுவோம் என்றோம். சிலர் அதை ஏற்றனர். சிலர் முகம் சுளித்துப் போயினர். அவர்களில் ஒருவர் பாஸ்கா திருவிழிப்புக்கும் வரவில்லை. அவருடைய அச்சத்தை நாம் இன்னும் பொறுமையாகக் கேட்டிருக்கலாம்.

சோதனை என்றாலே நம் மக்களுக்கு ஓர் ஒவ்வாமை உண்டு. அதற்கு மொழியும் ஒரு காரணம். சிறு வயது முதல் நாம் அன்றாட செபத்தில் சொல்லும் சோதனை, விழுந்துவிடக்கூடாத ஒரு குழி. வீட்டில் துன்பம் வந்தாலும் 'சோதனைமேல் சோதனை' என்கிறோம். பொறியாளர்கள் அதே சொல்லை எவ்வளவு வேறாகப் பயன்படுத்துகின்றனர்! அவர்களுக்குச் சோதனை என்பது விழவேண்டியது எதுவோ அது இப்போதே, ஆளில்லாத நேரத்தில் விழட்டும் என்று வேண்டிக்கொள்வது.

சோதித்து முடித்தபின் சான்று தருவது யார் என்பதும் கவனிக்கத்தக்கது. 2002ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் சட்டப்படி, மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையர் நேரில் ஆய்வு செய்து அறிக்கை தராமல் எந்தத் தடத்தையும் பயணிகளுக்குத் திறக்க முடியாது. அந்த ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது! முதலில் இதைக் கேட்டபோது அலுவலகக் குளறுபடி என்றே நினைத்தோம். ரயில் கட்டுபவரின் கையும் ரயிலைச் சோதிப்பவரின் கையும் ஒரே உடலில் இருக்கலாகாது என்பதற்காக, விடுதலைக்கு முன்பே, 1941இல் செய்யப்பட்ட ஏற்பாடு அது. குருமடத்தில் இதற்கு ஒப்பான ஒரு விதியை நாம் படித்ததுண்டு. குருமட அதிபர் தம் மாணவர்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கலாகாது, மாணவரே விரும்பிக் கேட்டாலொழிய. அவருக்கு மாணவரைக் குருவாக்கும் பொறுப்பு இருக்கிறது. அதனால் அந்தக் காது அவருடையதாக இருக்கக்கூடாது.

இவ்வளவு ஏற்பாடுகள் இருந்தும் சோதனை தோற்பது எங்கே? பெரும்பாலும் நாட்காட்டியில்தான். கட்டும் வேலை தாமதமாகும். திறப்பு நாள் மாறாது. இரண்டுக்கும் இடையில் நசுங்குவது சோதனைக்கென்று ஒதுக்கிய காலம். லண்டன் மாநகரின் அடியில் 42 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டி அமைத்த எலிசபெத் தடத்தின் கதை இதற்குச் சான்று. 2018 டிசம்பர் 9 அன்று அது திறக்கப்படும் என்று சொல்லிவந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டு இறுதிவரை அப்படித்தான் சொன்னார்கள். ஒரே ரயில் மூன்று வகைச் சைகை முறைகளுக்கிடையே மாறிச் செல்லவேண்டிய சிக்கலான ஏற்பாடு அது. அதைச் சோதித்து முடிக்க நாள் போதவில்லை. பின்னர் ஒத்திவைத்தார்கள். முதல் பயணி அச்சுரங்கத்தில் ஏறியது 2022 மே 24 அன்று. உலகின் முதல் சுரங்க ரயிலை 1863லேயே ஓட்டிக் காட்டிய நகரம்! நூற்றைம்பது ஆண்டு அனுபவமும் நாட்காட்டியின்முன் நிற்கவில்லை.

அந்த நகரத்தைக் குறை சொல்லும் தகுதி நமக்கு இல்லை. தேதிக்காக வெள்ளோட்டத்தை விட்டவர்களுள் நாமும் ஒருவர்.

1998இல், குருவாகிச் சில ஆண்டுகளே ஆன நிலையில், ஒரு கடலோரச் சிற்றூரின் பங்குப் பொறுப்பு நம்மிடம் தரப்பட்டது. ஊர் மக்கள் பணம் சேர்த்துப் பாதுகாவலருக்குப் புதுத் தேர் ஒன்று செய்தனர். நான்கு மரச் சக்கரங்கள், மூன்று அடுக்கு. வேலை இழுத்துக்கொண்டே போய், கொடியேற்றத்துக்குப் பிறகுதான் முடிந்தது. திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு ஆசாரி வந்தார். "மணல் மூட்டை அடுக்கி ஒரு சுத்து இழுத்துப் பாத்துடலாம், சாமி. புதுத் தேரு. வெள்ளோட்டம் விடாம சுரூபத்தை ஏத்தக்கூடாது. அச்சு சூடாவுதா, முட்டுக்கட்டை பிடிக்குதான்னு தெரிஞ்சிடும்" என்றார்.

நவநாள் நடந்துகொண்டிருந்தது. திருவிழாத் திருப்பலிக்கு ஆயர் வரவிருந்தார். தேரை அலங்கரிக்கவே நேரமில்லை. அருகில் நின்ற ஒருவர், வெள்ளோட்டமெல்லாம் இந்துக் கோயில் வழக்கம் என்றார். அதையும் நாம் பிடித்துக்கொண்டோம். சுரூபம் இல்லாத தேரை இழுப்பது வெறும் வேடிக்கை என்று, இறையியல் படித்த மிடுக்கோடு ஆசாரிக்கு விளக்கமும் கொடுத்தோம். இறுதியில், "புனிதர் பார்த்துக்கொள்வார்" என்றோம். ஆசாரி தலையை அசைத்துவிட்டுப் போனார்.

தேர் இரவில் புறப்பட்டது. தெற்குத் தெருவின் முனையில் கடலை நோக்கி ஒரு சரிவு உண்டு. அதுவரை அது மணல் தெரு. பழைய தேருக்கு முட்டுக்கட்டை போட்டால் மணலில் கவ்வி நிற்கும். அந்த ஆண்டுதான் அத்தெருவுக்குச் சிமெண்டு போட்டிருந்தார்கள். சரிவில் தேர் வேகமெடுத்தபோது முட்டுக்கட்டையைச் செருகினார்கள். அது கவ்வவில்லை, சிமெண்டின்மேல் வழுக்கிக்கொண்டே போயிற்று. இரண்டாம் கட்டையைச் செருகக் குனிந்தவரின் இடக்காலின்மேல் சக்கரம் ஏறி நின்றது. அவர் கடலுக்குப் போய்க் குடும்பம் நடத்தியவர், இரண்டு பெண் குழந்தைகளின் தந்தை. மருத்துவமனையில் பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டார்கள். அதன்பின் அவரால் கட்டுமரத்தில் நிற்க முடியவில்லை. கரையில் அமர்ந்து பிறருடைய வலைகளைச் சீர்செய்து பிழைத்தார்.

ஒரு சுற்று, பகலில், மணல் மூட்டையுடன் இழுத்திருந்தால் கட்டை வழுக்குவது தெரிந்திருக்கும். அரை நாள் வேலை.

அவர் நம்மை ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆசாரியும் சொல்லவில்லை. அன்றிரவு பங்கு நாட்குறிப்பில் நாம் எழுதியதுதான் இன்றளவும் நம்மை உறுத்துகிறது: 'தேர்பவனி சிறப்பாக நடைபெற்றது. சிறு விபத்து ஒன்று ஏற்பட்டது.' சிறு என்ற சொல்லை நமது கையே எழுதியது. அந்நாட்குறிப்பு இன்றும் அவ்வூர்ப் பங்கு இல்லத்தின் அலமாரியில் இருக்கிறது. பதினோராவது ஓட்டத்தை எழுதிய இளைஞர் நம் எதிரே அமர்ந்து பேசிய மாலையில், அந்தப் பக்கம்தான் நம் கண்முன் விரிந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

2017 மே 14, ஞாயிற்றுக்கிழமை, திருமங்கலம் – நேரு பூங்கா சுரங்கத் தடம் மக்களுக்குத் திறக்கப்பட்டது. நமது பங்கிலிருந்து பலர் குடும்பத்தோடு போய் ஏறிவந்தனர். மனுவோடு வந்தவர்களில் சிலரும் அவர்களுள் அடக்கம். அந்த இளைஞர் அன்று மாலை முழுவதும் தூங்கியதாக அவருடைய தாயார் சொன்னார்.

சில வாரங்களுக்குப் பின், கடலோர ஊரிலிருந்து அவர் வந்தார். சென்னையில் மணமாகியிருக்கும் மூத்த மகளைப் பார்க்க வந்தவர், நம்மையும் பார்க்க வந்திருந்தார். அறுபது வயது இருக்கும். கையில் தடி. திரும்பிப் போகையில் திருமங்கலம் வரை அவரை நாமே அழைத்துச்சென்றோம். சுரங்க ரயிலைக் காட்டவேண்டும் என்று தோன்றியது. நகரும் படிக்கட்டைக் கண்டு தயங்கினார். மின்தூக்கியில் இறங்கினோம். நடைமேடையின் கண்ணாடிக் கதவருகே நின்று, அதற்கப்பால் இருட்டாக இருந்த சுரங்கத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். வண்டி வந்து நின்றது. இரு கதவுகளும் நேருக்கு நேராக நின்று ஒன்றாகத் திறந்தன. தடியை முதலில் உள்ளே ஊன்றி, பிறகு காலை வைத்தார்.

வண்டி புறப்பட்டுச் சிறிது தூரம் போனபின் நம் பக்கம் திரும்பினார்.

"இதுக்கு வெள்ளோட்டம் விட்டாங்களா, சாமி?"

"விட்டார்கள். பல மாதம் ஓட்டிப் பார்த்தார்கள்" என்றோம். பிறகு, சொல்லாமல் இருக்க முடியவில்லை: "மணல் மூட்டை அடுக்கி ஓட்டினார்கள்."

"மணல் மூட்டையா!" என்று வியந்தார். அவர் முகத்தில் புன்னகை படர்ந்தது. "நம்ம ஆசாரி சொன்ன மாதிரியே."

"ஆம்" என்றோம். "அன்று நாம்தான் வேண்டாம் என்றோம். தவறு நம்முடையது." பத்தொன்பது ஆண்டுகளில் இதை அவரிடம் நாம் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் முறை.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. ஒலிபெருக்கியில் அடுத்த நிலையத்தின் பெயர் கேட்டது. எதிரே ஒரு தாய் குழந்தையை இறக்கிவிட, அது தள்ளாடித் தள்ளாடி எங்கள் இருக்கையை நோக்கி வந்தது. அதன் காலில் இடறாதிருக்க, அவர் தம் தடியை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டார்.

"தெரியும், சாமி" என்றார்.